முட்டி வைத்தியத்துக்குப் போன கப்பல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய லூட்சே அக்காவுக்கு,

டுப்ரோவ்னிக்கிலிருந்து தம்பி ஜீவோ வணக்கத்துடன் எழுதுவது. நம் ஊரைக் காக்கும் புனித விளாஹோவின் தயவில் நானும் தேஸாவும் இங்கே சுகம். கோர்ச்சுலாவில் நீயும் அத்தானும் உன் ஆடுகளும் அவ்வாறே சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீ கொடுத்தனுப்பிய அத்திப்பழ ஜாம் வந்து சேர்ந்தது. பாதியை நான் தின்றேன். மீதியைத் தேஸா எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

நிற்க. நான் கப்பலில் உல்லாசப் பயணம் போனதாக உன் காதுக்கு ஏதோ வந்திருக்கும். போனது உண்மைதான். ஆனால் எப்படிப் போனேன், என்ன ஆனேன் என்பதை என் வாயால் கேட்டுவிட்டு அப்புறம் சிரி.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு மூனிக்கிலிருந்து மகள் கத்தா இரண்டு டிக்கெட் அனுப்பினாள். திரியெஸ்தேயில் ஏறி, பாரி, வலெட்டா, கோர்ஃபு, கோட்டர் என்று பழைய துறைமுகங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு திரும்பும் கப்பல். யாருக்கு? எனக்கு! தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, ஊருக்குள் கூட்டத்தைக் கொட்டும் உல்லாசக் கப்பல்களை எதிர்க்கும் குழுவின் தலைவனாக இருந்து, துறைமுகத்தில் மைக் பிடித்து, "திரும்பிப் போ! ஊரை மூச்சு விட விடு!" என்று தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு! டிக்கெட்டை மேஜை மேல் வைத்துவிட்டுத் தேஸாவைப் பார்த்தேன். அவள் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். "நீ வர்றதுன்னா வா, வராட்டி பக்கத்து வீட்டு ஸ்தானெவைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். ஸ்தானெ குறட்டை விடுவாள், பாவம் தேஸா தூங்க முடியாதே என்ற ஒரே காரணத்துக்காக நான் போனேன், அக்கா. குழுவிடம், வடக்கே வெந்நீர் ஊற்றுக்கு முட்டி வைத்தியத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். குழுவின் செயலாளர், நம் முடிதிருத்துகிற ஓர்சாத், கண் கலங்கி என் முட்டியைத் தடவிக் கொடுத்தான்.

திரியெஸ்தேயில் கப்பலைப் பக்கத்தில் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் தூரத்தில் நின்று திட்டியிருக்கிறேனே தவிர, அதன் அடியில் நின்று அண்ணாந்ததில்லை. நம் கோட்டை மதிலைப் பெயர்த்துத் தண்ணீரில் மிதக்க விட்டது போல இருந்தது. உள்ளே போனால் தெருக்கள், கடைகள், ஒரு நாடகக் கொட்டகை, குளம், கல்யாண மண்டபம். ஏறிய அன்றே எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி மாட்டும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் கழற்ற வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொன்னார்கள் போலிருக்கிறது. நான் இரவு விருந்துக்கும் அதோடேயே போய் உட்கார்ந்தேன். சூப் சிந்தினால் துணி பாழாகாது என்று எதிரே இருந்தவர் பாராட்டினார். அவர் பெயர் எவுசேபியோ. சரகோசாவில் ரொட்டி சுட்டு ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எங்கே போனாலும் தலையில் ஒரு சாம்பல் நிறத் தொப்பி. அவருடைய ஸ்பானியமும் என்னுடைய உடைந்த இத்தாலியமும் நடுவழியில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன. சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்புகையில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்ததால் தவறான கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு டச்சுக்கார அம்மா தலைகீழாக நின்று யோகாசனம் செய்துகொண்டிருந்தார். நான் பயந்து போய் "இறக்கட்டுமா?" என்று கேட்டு அவர் காலைப் பிடிக்க, அவர் அலற, காவலாளி ஓடி வர, தேஸா எனக்காக மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டாள். அதன் பிறகு அந்த அம்மா என்னைப் பார்க்கும் போதெல்லாம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

இதெல்லாம் போகட்டும். வலெட்டாவைச் சொல்கிறேன், அக்கா. விடியும் நேரம். தூக்கம் வராமல் மேல்தளத்துக்குப் போனேன். இருட்டிலிருந்து ஒரு ஊர் மெல்ல எழுந்து வந்தது. இருபுறமும் கோட்டைகள், கோட்டைக்கு மேல் கோட்டை, எல்லாம் ஒரே கல்லில் குடைந்தது போல. வெயில் பட்டதும் அந்தக் கல் முழுதும் தேன் நிறமாக எரிந்தது. தளத்தில் நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள், ஒரு சத்தம் இல்லை. அழுதுகொண்டிருந்த குழந்தை கூட நிறுத்திவிட்டது. காபித் தட்டோடு வந்த பணியாள், வாரா வாரம் இதைப் பார்க்கிறவன், அவனும் தட்டோடு அப்படியே நின்றான். எவுசேபியோ தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். தேஸா கைக்குட்டையை நீட்டினாள். அன்றைக்குத்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது: நம் ஊருக்கு வரும் கப்பலிலும் இப்படித்தான் நிற்பார்களோ?

கோர்ஃபுவில் வெயில், ஐஸ்கிரீம், தேஸாவுக்கு ஒரு செருப்பு. அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அங்கிருந்து புறப்பட்ட பிறகு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். கோட்டர் வளைகுடாவில் மூடுபனி, உள்ளே போக முடியாது, ஆனால் பயணிகள் வருந்த வேண்டாம், அதைவிட அழகான ஒரு துறைமுகத்துக்குப் போகிறோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம்தான் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

நம் ஊர்!

"தேஸா, நான் அறையை விட்டு வெளியே வர மாட்டேன். காய்ச்சல்னு சொல்லிடு."

"யாருகிட்டச் சொல்லணும்? உன்னை இங்க யாரு தேடறா?"

"கரையில ஓர்சாத் மைக்கோட நிப்பான்! முட்டி வைத்தியம்னு சொல்லிட்டு வந்திருக்கேனே!"

"அப்ப நொண்டிக்கிட்டே இறங்கு" என்றாள் அந்தப் பாவி.

ஆனாலும் காலையில் கால் என்னை மேல்தளத்துக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்து வரை சட்டைப் பொத்தான். கப்பல் லோக்ரும் தீவைத் தாண்டித் திரும்பியது. அக்கா, நீயும் நானும் அந்த மதிலுக்குள் பிறந்தவர்கள். அந்தத் தண்ணீரில் நீந்தியவர்கள். ஸ்ர்ஜ் மலை மேல் ஏறி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். ஆனால் மலையிலிருந்து பார்ப்பது ஊரின் பிடரியை. அதன் முகம் கடலைப் பார்த்து இருக்கிறது. அவ்வளவு உயரத்தில், கடல் பக்கத்திலிருந்து, அது தூங்கி எழுந்து என்னையே திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. மதிலுக்கு உள்ளே கூரைகள் எல்லாம் தெரிந்தன. மங்கிப்போன பழைய ஓடு சில; மற்றதெல்லாம் சண்டை முடிந்த பிறகு நாம் போட்ட சிவப்பு ஓடு. குண்டு விழுந்து எரிந்த கூரை எது, தப்பியது எது என்று விரல் வைத்துக் காட்டலாம். நம் வீட்டுக் கூரையையும் பார்த்தேன். அந்த ஓடுகளை நானும் ஓர்சாத்தும் தோளில் சுமந்து ஏற்றினோம். அப்பா கீழே நின்று, "உடைச்சீங்கன்னா உங்க தலையைத்தான் வைப்பேன் அங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். எரிந்து கிடந்த ஊர் இது. இப்போது எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அதைப் பார்த்து மூச்சு விட மறந்து நிற்கிறார்கள். அந்த டச்சுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவுசேபியோ தொப்பியைக் கழற்றினார்.

என்னால் அடக்க முடியவில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "அதோ, அந்தப் பச்சை ஜன்னல்! அது என் வீடு!" என்றேன்.

அவர் என் முதுகில் தட்டினார். "எனக்குக்கூட அப்படித்தான் தோணுது, நண்பா. யாருக்குத்தான் தோணாது!" என்றார்.

சிறு படகுகளில் பழைய துறைமுகத்துக்கு இறக்கினார்கள். மார்பில் ஆளுக்கு ஒரு எண் ஒட்டிய வில்லை. நான் எவுசேபியோவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்தேன். கரையில் என் குழு முழுதும் நின்றது. ஓர்சாத் மைக்கில் என் வாசகத்தையே, என் ராகத்திலேயே முழங்கிக்கொண்டிருந்தான். எவுசேபியோ நல்ல மனிதர், நேரே அவனிடம் போய், என்னையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "கோபப்படாதீங்க ஐயா. உங்க ஊரைப் பார்த்து இவர் தன்னோட வீடே இங்கதான் இருக்குன்னு சொல்லிட்டார்!" என்று என்னிடம் பொறுக்கிய அரைகுறை இத்தாலியத்தில் சொன்னார்.

ஓர்சாத் என் தொப்பியைப் பார்த்தான். வில்லையைப் பார்த்தான். பிறகு குனிந்து காலைப் பார்த்தான்.

"முட்டி எப்படியிருக்கு, தலைவரே?"

மைக் அணைக்கப்படவில்லை, அக்கா. துறைமுகம் முழுக்கக் கேட்டது. எங்கேயோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். ஓர்சாத்தின் முகத்தில் கோபம் கூட இல்லை, வலி. "வெயில்ல, மழைல உங்க பின்னாடி நின்னோமே, ஜீவோ. எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றான்.

நான் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினேன். "திட்டு, ஓர்சாத். திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் செய். உன் படகை எடுத்துக்கிட்டு எல்லாரையும் கூட்டிட்டு லோக்ரும் தாண்டிப் போ. போய்த் திரும்பிப் பாரு."

"பொறந்ததுலேர்ந்து பார்க்கற ஊரை நான் என்னத்தைப் புதுசாப் பார்க்கறது?"

"எத்தனை பேரோட பிடரியைப் பார்த்தவன் நீ! நம்ம ஊரோட முகத்தைப் பார்த்திருக்கியா? நாம போட்ட ஓடுடா அது. அதைப் பார்த்து அவங்க அழறாங்க. நமக்கு அது தெரியவே தெரியாது."

அவன் மைக்கை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? என் சொந்த ஊரில், சுற்றுலாக்காரர்கள் வரிசையில், கையில் மைக்கோடு தேஸாவின் பின்னால் நடந்தேன். ஸ்ட்ராதுன் கடைத்தெருவில் மீன்காரி முதல் பாதிரியார் வரை எல்லோரும் என் முட்டியை விசாரித்தார்கள். எவுசேபியோவை வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பச்சை ஜன்னலைத் திறந்து காட்டினேன். அவர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேஸா கொடுத்த உலர்ந்த ஆட்டிறைச்சியையும் மறந்துவிட்டார். "இதுக்குள்ள குடியிருந்துக்கிட்டா நீ மத்த ஊரெல்லாம் பார்க்க வந்தே?" என்று மட்டும் கேட்டார்.

மாலையில் கப்பல் நங்கூரம் எடுத்தது. நான் யாரையும் பார்க்கும் தைரியமில்லாமல் தளத்தின் ஓரத்தில் நின்றேன். தேஸா என் முழங்கையை இடித்தாள். கீழே, லோக்ருமைத் தாண்டி, ஓர்சாத்தின் படகு. குழு மொத்தமும் அதில் நெருக்கியடித்து நின்றது. மேற்கு வெயில் மதிலில் சாய்ந்து, ஊர் முழுதும் உள்ளே விளக்கு வைத்தது போலச் சிவந்திருந்தது. ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் கப்பல் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டி ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் பெரிதாகச் சங்கு ஊதியது. ஓர்சாத் அப்போதும் திரும்பவில்லை. கையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

நேற்று ஓர்சாத்திடம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். என்னோடு பேசினான், அக்கா. இனி நான் வேறு மனிதன். தலைவர் பதவியை விட்டுவிட்டேன். நம் ஊரைப் பார்க்க வரும் எந்த ஜீவனையும் நோக்கி இந்த வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வராது. உலகத்தார் எல்லோருக்கும் நம் வாசல் திறந்திருக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம். ஆடுகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் பல்லும் பார்வையும் குறையாமல் நெடுநாள் வாழ, தேஸாவும் நானும் தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம்.

இப்படிக்கு,
என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
ஜீவோ

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் ஒரு சுற்றுலாக்காரன் தன் ஈர நீச்சல் ஜட்டியை நம் வீட்டுத் துணிக்கொடியில், தேஸாவின் மேஜை விரிப்புக்கு மேலேயே காயப் போட்டுவிட்டான்! படியிறங்கிப் போய்க் கத்தினேன் பார், மூன்று தெரு தள்ளியிருக்கிற ஓர்சாத் சவரக் கத்தியோடு ஓடி வந்துவிட்டான். ஆகையால் இனி நான் வேறு மனிதன் என்று மேலே எழுதியது எதையும் நம்பாதே. பதவியையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த ஆள் நடுங்கிக்கொண்டே ஜட்டியை எடுத்துக்கொண்டு போனான். பாதித் தெரு போனவனை நிறுத்தி, சூரியன் சாய்வதற்குள் லோக்ரும் பக்கம் படகில் போய்ப் பார்க்கச் சொன்னேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.