மூக்கம்மாவின் கைராசியும் டிஸ்க் பெட்டியும்

குன்னூர்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் ஷண்முகப்ரியாவும் அங்கே சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் ப்ரியா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சிரிப்பாள். ஆகவே கோயமுத்தூர் வரும் ஜீப் டிரைவர் ரவிக்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் தேயிலை ஆபீஸ் ஊட்டி பெர்ன்ஹில்லிலிருந்து குன்னூருக்கு மாறியது உங்களுக்குத் தெரியும். சர்வரை மாற்ற நீங்களே வருவதாகச் சொன்னீர்கள். நான்தான் வேண்டாமென்றேன்; முதலாளியிடமும் மார்தட்டிவிட்டேன். நாளைக் காலை ஏலப் பட்டியல் போயாக வேண்டும். அது பழைய சர்வரோடு மாட்டியிருந்த, டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டிக்குள்தான் இருந்தது.

முதலில் புது சர்வரில் எங்கள் பெயர்களைப் பதிந்தோம். ஆபீஸில் டீ போடும் மூக்கம்மாவுக்கு நல்ல கைராசி. அவர் கையால் பால் காய்ச்சிக் குடிபோன வீடு எதுவும் சோடை போனதில்லை. எனவே பழைய சர்வரில் முதலாவதாக இருந்த என் பெயரைத் தள்ளிவிட்டு, இதில் அவர் பெயரை முதலில் போடச் சொன்னேன். கம்ப்யூட்டர் பார்க்கும் தாரிணி ஏதோ சொல்ல வந்தாள். நல்ல காரியத்தில் குறுக்கே பேசாதே என்று அடக்கிவிட்டேன். அப்புறம் பெர்ன்ஹில் போனோம். பெட்டியை விட்டுக்கொடுக்கும்படி பழைய சர்வருக்குக் கட்டளை கொடுத்த பிறகே கழற்றச் சொல்லியிருந்தீர்கள். ராகு காலம் நெருங்கிவிட்டதால் அதை மட்டும் விட்டுவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பெட்டியைத் தூக்கிவிட்டோம். பனிமூட்டத்தில் ஜீப் ஊர்ந்தது. வளைவுக்கு வளைவு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். இங்கே மாட்டினால், 'இது இன்னொரு சர்வருக்குச் சொந்தம், தொட மாட்டேன்' என்கிறது புது சர்வர். வலுக்கட்டாயமாக வாங்கவும் வழி உண்டாம். ஆனால் அது ஆபத்து என்று நீங்கள் எச்சரித்திருந்தீர்களே. திரும்பவும் மேலே ஏறி, பழையதில் மாட்டி, முறைப்படி விடைபெற வைத்து, மறுபடி கீழே கொண்டுவந்தோம். மாட்டியதும் ஃபைல்கள் அத்தனையும் வரிசையாகத் தெரிந்தன. உங்கள் அத்தை வந்து பெட்டிக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டாள்.

ஆகவே நீங்கள் சிரமப்பட்டு மலையேற வேண்டாம். இந்த வயதிலும் எங்களுக்கும் நாலு விஷயம் தெரியும் என்று ப்ரியாவிடம் சொல்லுங்கள். இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க மருதமலையான் துணையிருப்பான்.

இப்படிக்கு,
பாலசுப்பிரமணியம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஏலப் பட்டியலைத் திறந்து பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். எனக்கு அனுமதி இல்லையாம். இந்தச் சர்வர்கள் ஆளைப் பெயரால் அறிவதில்லை, பதியும் வரிசையில் கொடுக்கும் எண்ணால்தான் அறியுமாம். பழையதில் முதல் எண் என்னுடையது, புதியதில் மூக்கம்மாவுடையது. அதனால் நான் இத்தனை வருஷம் செய்து வைத்ததெல்லாம் இப்போது அவருக்குச் சொந்தம். தாரிணி அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தானாம். சரிசெய்ய ஒரு வரிக் கட்டளை போதுமாம். ஆனால், "அது பிசகுனா எல்லாமே குழம்பிருமுங்க. உங்க மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாத்தான் கை வைப்பேன்" என்கிறாள். ரவிக்குமார் திரும்பும் ஜீப்பிலேயே ஏறி வந்துவிடுங்கள். நான் கெஞ்சியது ப்ரியாவுக்குத் தெரிய வேண்டாம். முதலாளி இப்போது மூக்கம்மாவுக்கு நாற்காலி போட்டுப் பக்கத்தில் நிற்கிறார். டீ போடுவது நான்தான்.