வாங்கண்ணன் வீட்டு சிவா

"நாய்ச் சத்தத்தைக் குரைக்கவும். இப்படிக்கு, அக்கறையுள்ள குடியிருப்பாளர்."

ஜாலான் புசார் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், லிஃப்ட் கதவுக்கு அருகே ஒட்டப்பட்டிருந்த ஓர் அறிவிப்பின் தமிழ் வரி இது. மற்ற மூன்று மொழிகளிலும் செய்தி ஒழுங்காகவே இருந்தது. தமிழில் மட்டும் வல்லின றகரம் உட்கார வேண்டிய இடத்தில் இடையின ரகரம் உட்கார்ந்து, குறைக்க வேண்டிய சத்தத்தைக் குரைக்கச் சொல்லிவிட்டது. ஒட்டியவர் தேதி போடவில்லை. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் ஏறிய வாரம் என்பது வரைக்கும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

யாருடைய நாய் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. அந்த நாயின் சொந்தக்காரர் அறிவிப்பின் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு தடவை படித்தார்.

"பார்த்தீங்களா தம்பி, எழுத்துலயே கொடுத்துட்டாங்க. குரைக்கச் சொல்லியிருக்காங்க லா. இனிமே எவனும் என்னைக் கேக்க முடியாது."

அவர்தான் வாங்கண்ணன். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வாழ்க்கை முழுவதையும் நடத்திவிட முடியும் என்பதற்கு இந்தத் தீவில் அவரை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதன் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை உள்ளே அழைப்பது அவர் வேலை. "வாங்க, வாங்க, உள்ள இடம் இருக்கு, ஏர்கான் இருக்கு." அந்தக் குரல் சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நகை பார்த்துக்கொண்டிருப்பவரையும் திரும்ப வைக்கும். ஒருமுறை சிக்னலில் நின்ற பஸ்ஸைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் "வாங்க" என்றுவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்து சாப்பிட்டவர்கள் உண்டு. சுற்றுலா வந்த ஒரு ஜெர்மன் தம்பதி, அவர் அழைத்த அழைப்பில் ஏதோ அவசரம் என்று நினைத்து உள்ளே ஓடினார்கள். மீன் தலைக் கறி முடித்துத்தான் வெளியே வந்தார்கள்.

வேலை முடிந்தாலும் அந்தச் சொல் முடியாது. ஃபோன் மணி அடித்தால் "வாங்க." லிஃப்ட் திறந்தால் "வாங்க." மழை தூறினால் அதற்கும் ஒரு "வாங்க." மண்டாயில் நண்பர் ஒருவரின் தகனத்துக்குப் போனவர், மண்டப வாசலில் தன்னை மறந்து நின்று, "வாங்க, வாங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று கூப்பிட்டதில், துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது. அவருக்கு அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி மெல்பர்னில் இருக்கும் மகனோடு வசிக்கப் புறப்பட்டபோது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைப் போர்வையில் சுற்றி இவரிடம் கொடுத்தார். பொருள் நடுங்கியது. ஆன்ட்டி அதைத் தடவி, கண் கலங்கி, "சிவாவா" என்றார். நாயின் இனம் அது. வாங்கண்ணன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

அன்று மாலை என்னிடம் வந்து சொன்னார். "தம்பி, அந்த ஆன்ட்டிக்குத் தமிழ் வருது. நாய்க்குப் பேரு சிவா. 'சிவா, வா'ன்னு எவ்வளவு தெளிவா கூப்பிடறாங்க தெரியுமா. இத்தனை வருஷமா தெரியாத மாதிரியே இருந்திருக்காங்க."

அந்த ஆன்ட்டியை லிஃப்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டே தமிழில் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து, ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சிவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு சாப்பாட்டுக் கேரியரின் மேல்தட்டில் அடங்கும். காது அதைவிடப் பெரியது. கண் இரண்டும் யாரோ மூக்கைப் பிடித்து அழுத்தியதுபோல வெளியே நிற்கும். நாள் முழுக்க ஒரு நடுக்கம். குளிர் என்றார்கள் சிலர். அருள் வந்திருக்கிறது என்றார் மூன்றாம் மாடி அம்மா ஒருவர், கும்பிட்டும் கொண்டார். ஆனால் தன்னைப் பற்றி சிவாவுக்கு இருந்த அபிப்பிராயம் வேறு. அது தன்னை ஒரு புலி என்று நினைத்திருந்தது. பார்சல் கொண்டு வருபவரின் குதிகால், குப்பை எடுக்க வருபவரின் காலணி, என்னுடைய கால்சட்டையின் விளிம்பு எல்லாம் அதன் பல் பட்டவை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அந்த வீட்டில் "வாங்க" என்ற சொல் ஒலித்ததும் ஒரு பெரிய பாதம் உள்ளே வரும் என்பதை சிவா புரிந்துகொண்டுவிட்டது. ஆகவே "வாங்க" என்ற சொல்லைக் கேட்டதும் குரைத்தது. ஃபோனுக்கு, லிஃப்ட்டுக்கு, மழைக்கு, கனவில் வந்தவர்களுக்கு என்று வாங்கண்ணன் சொன்ன ஒவ்வொரு "வாங்க"வுக்கும் அது குரைத்தது. உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத குரல். தாழ்வாரத்தின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் எதிரொலித்துத் திரும்பும். தன் எதிரொலியைக் கேட்டு அது மறுபடி குரைக்கும்.

இரண்டு வீடு தள்ளி ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், மற்ற நாள்களில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவரிடம் படித்த ஒரு பெண், "உன் விடுமுறை அனுபவத்தைச் சொல்" என்ற கேள்விக்கு, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நாய் குரைப்பதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பதில் சொல்லப் பழகிவிட்டாளாம். டீச்சர் நேராக வந்து கதவைத் தட்டினார்.

"வாங்க டீச்சர்," என்றார் வாங்கண்ணன். சிவா ஆரம்பித்தது.

"வரல. நான் உங்களுக்கு ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். புகார் கொடுத்திருக்கேன். தீபாவளி முடிஞ்சதும் ஆஃபிசர் வந்து பார்ப்பாரு. அப்பவும் இப்படியே இருந்தா, நாயை வேற வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதுதான்."

"டீச்சர், அவன் சின்னப் பிள்ளை."

"சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் நான் பாடம் எடுக்கறேன். ஒண்ணுகூட என் காலைக் கடிக்கல."

அறிவிப்பைக் காட்டி விளையாட்டுப் பேச்சு பேசியவர் அன்றைக்கு நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தனியாக இருக்கிற மனிதர். வேலை விட்டுக் கதவைத் திறந்தால் தன்னை நோக்கி ஓடி வருகிற ஒரே உயிர் அதுதான். அதைக் கொடுத்துவிட்டு எந்த வாசலில் நின்று யாரைக் கூப்பிடுவது?

முதலில் அவர் தன்னையே திருத்திப் பார்த்தார். "வாங்க" சொல்வதை நிறுத்தினார். வீட்டில் ஒரு நாள் ஓடியது. கடையில் ஓடவில்லை. வாய் மூடி, கை கட்டி, கண்ணாலேயே அழைத்தார். கடையில் ஏதோ துக்கம் என்று நினைத்து ஜனங்கள் தலையைக் குனிந்து கடந்து போனார்கள். முதலாளி வெளியே வந்து பார்த்தார்.

"ஏன்யா, உடம்பு சரியில்லையா?"

"சிவாவுக்காக விரதம் இருக்கேன் முதலாளி."

"கோயில் பக்கத்துலதானே இருக்கு, அங்க போய் இரு. இங்க நின்னா வாயைத் திற."

பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு, கண் திருஷ்டிக்கு என்று ஒரு வெள்ளி மணியைக் கழுத்துப் பட்டையில் கோத்து சிவாவுக்கு மாட்டினார். மறுநாள் காலை அது குரைக்கவில்லை. வாத்து கத்துவதுபோல ஒரு விசித்திர இருமல் இருமிற்று. வாங்கண்ணன் என் கதவைத் தட்டினார். "தம்பி, சிவா வாத்தா மாறிட்டான்." நாயை மேல்துண்டில் போட்டுக்கொண்டு இருவரும் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

மருத்துவர் நித்யா இளம் வயது. நாயைப் பார்த்ததும், "ஓ, சிவாவா," என்றார். சிவா நடுங்கிக்கொண்டே அவரிடம் போயிற்று.

"பார்த்தீங்களா தம்பி, இவங்களுக்கும் பேரு தெரிஞ்சிருக்கு," என்றார் வாங்கண்ணன் என்னிடம்.

"அங்கிள், சிவாவாங்கிறது நாயோட ஜாதி. பூனைல சயாமிஸ் இல்லையா, அந்த மாதிரி."

வாங்கண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப இவன் பேரு சிவா இல்லையா?"

"நீங்க கூப்பிடறீங்க, அவன் வர்றான். அப்புறம் என்ன, அதான் பேரு."

அவர் சோதித்துச் சொன்னதையெல்லாம் நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். இந்த வகை நாய்க்கு மூச்சுக்குழல் மென்மையானது, கழுத்துப் பட்டை இழுத்தால் அந்த வாத்து இருமல் வரும், மார்பில்தான் பட்டை மாட்ட வேண்டும். கைக்குழந்தைக்கு இருப்பதுபோல உச்சிக்குழி மூடாமல் இருக்கிறது, தலையில் அடிபடக் கூடாது. பின்னங்கால் முழங்கால் சில்லு அவ்வப்போது நழுவுகிறது, அதனால்தான் சில சமயம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நெடுநேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி இன்னும் நடுங்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஊட்ட வேண்டும். கடைசியாக வாயைத் திறந்து காட்டினார். பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப் பல் முளைத்து, ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"இதோட யாரா இருந்தாலும் எரிஞ்சுதான் விழுவாங்க அங்கிள். பல்லை எடுத்துடலாம். ஆனா குரைக்கிறது கோபத்துல இல்ல, பயத்துல. அவன் சைஸ்ல நின்னு பாருங்க, வர்றவங்க எல்லாரும் புளோக் உயரம்."

"நான் வாங்கன்னு சொல்றதை நிறுத்திடறேன் டாக்டர்."

"நிறுத்தாதீங்க. நிறைய சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க. சொன்னதும் ஒரு சின்னத் துண்டு வேக வச்ச கோழி கொடுங்க. வாங்கன்னா கோழின்னு அவன் நினைக்கணும்."

வாங்கண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு சொன்னார், "டாக்டர், என் தொழிலே அதுதான்."

பல் போயிற்று, வீக்கம் வற்றியது, மார்புப் பட்டை வந்தது. பயிற்சி தொடங்கியது. புளோக்கில் இருந்தவர்கள் முறை வைத்துக்கொண்டு விருந்தாளியாகப் போனோம். முதலில் வாசலுக்கு வெளியே தூரத்தில் நிற்போம். "வாங்க" என்பார், வாழ்நாளில் முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில். கோழித்துண்டு. ஒரு அடி கிட்டே வருவோம். "வாங்க." கோழி. தொடக்கத்தில் சிவா கோழியை விழுங்கிவிட்டு, கடமை தவறாமல் குரைத்தது. பிறகு குரைத்துவிட்டுக் கோழியைப் பார்த்தது. பிறகு ஒரு நாள், என்னைப் பார்க்காமலே, அவர் கையை மட்டும் பார்த்து உட்கார்ந்தது. மூன்றாம் மாடி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் கால்சட்டையைக் குனிந்து பார்த்தேன். முழுசாக இருந்தது.

தீபாவளி வந்தது. கடையில் இலை போட இடமில்லாத கூட்டம். தாழ்ந்த குரலை வீட்டில் விட்டுவிட்டு வாங்கண்ணன் வாசலில் நின்று முழக்கினார். பண்டிகை முடிந்தபோது கடைக்கு லாபம், இவருக்குத் தொண்டை போயிருந்தது. அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்தார்.

இளைஞர், தமிழர், சட்டைப்பையில் பேனா. பின்னால் ஸ்டெல்லா டீச்சர். அதற்குப் பின்னால் சாட்சிக்கு நாங்கள். வாங்கண்ணன் கதவைத் திறந்தார். மார்புப் பட்டையோடு சிவா அவர் காலடியில் நின்றது. அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி முயன்றார். உதடு "வாங்க" என்றது, ஒலி இல்லை.

சிவா அண்ணாந்து பார்த்தது. தெரியாத ஒரு பெரிய காலணி வாசலில் நிற்கிறது, ஆனால் வர வேண்டிய சொல் வரவில்லை. அதன் தொண்டையில் மெல்ல ஒரு உறுமல் கிளம்பிற்று. காது பின்னால் படிந்தது. வாங்கண்ணன் கோழித்துண்டை நீட்டிப் பார்த்தார். அதிகாரி உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசல்படியில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நின்றார்.

வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்க வைத்து வாயைத் திறக்காமல் இருப்பதைத் தமிழ் டீச்சரால் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"ஐயோ, ஏன் சார் நின்னுக்கிட்டே இருக்கீங்க. வாங்க, உள்ள வாங்க," என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

உறுமல் நின்றது. சிவா பொத்தென்று உட்கார்ந்தது. அதிகாரி அதைத் தாண்டி உள்ளே போனார். அவர் காலணியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. டீச்சரின் கையில் கோழி இல்லாதது கண்டு கொஞ்சம் ஏமாந்து, வாங்கண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது.

"இந்த நாய்தானா மேடம்?" என்று கேட்டார் அதிகாரி.

டீச்சர் நாயைப் பார்த்தார், குரல் இல்லாமல் கண்ணீர் வழிய நின்ற மனிதரைப் பார்த்தார். "இதுதான். ஆனா நான் சொன்னது பழைய கதை," என்றார்.

அதிகாரி முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டு, தேநீர் குடித்து, சிவாவின் தலையைத் தொடப் போனார். "உச்சிக்குழி," என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் எச்சரித்தோம். தாடையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்று மாலை வாங்கண்ணன் சிவாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேல் மாடியிலிருந்து கீழ் மாடி வரை ஒவ்வொரு தாழ்வாரமாக நடந்தார். தேர் வருவதுபோல வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பேச முடியாதவர் சிரித்துக்கொண்டே போனார். ஒரு குரைப்பும் இல்லை. டீச்சர் வீட்டு வாசலில் மட்டும் நின்றார்.

"நாய்க்காகச் சொல்லல," என்றார் டீச்சர். "வந்தவரைக் கூப்பிடாம இருந்தா நல்லா இருக்காது. அதான்." சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் வேக வைத்த கோழியோடு திரும்பி வந்தார்.

குரல் திரும்பி வந்த பிறகு வாங்கண்ணன் பரப்பிவரும் செய்தி ஒன்று உண்டு. சிவா இப்போது யார் வந்தாலும் அவருக்கு முந்திக்கொண்டு "வாங்க" என்கிறதாம். டீச்சரிடம் கேட்டேன். "'வா' மட்டும் வருது. 'ங்க' வரல. மரியாதை இன்னும் படிக்கணும்," என்றார். நான் பல நாள், பல நேரங்களில் அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டேன். ஏதோ ஒரு சத்தம் வருகிறது. அது அந்தச் சொல்தானா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை. உறுதி செய்யப்படாத செய்தியாகவே இதை இங்கே பதிகிறேன்.

நேற்றும் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.