நிச்சயத்தன்று சிவந்த சட்டை

சத்தியசீலனின் வெள்ளைச் சட்டையில் ஒரு கரண்டி சாம்பார் கொட்டியபோது, மாப்பிள்ளை வீட்டார் சோழவந்தானிலிருந்து வேனில் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

மகள் ஜாய்ஸுக்கு அன்று நிச்சயதார்த்தம். பழங்காநத்தத்தில் மண்டபம். சாம்பாரை ருசி பார்க்கக் கூப்பிட்ட சமையல்காரருக்குக் கை தவறிவிட்டது. வீடோ கப்பலூரில், போய் மாற்றிவர நேரமில்லை. அதுவும் ஜாய்ஸ் தன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சட்டை.

தெருக்குழாய்க்கு ஓடிச் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறியது.

சத்தியசீலன் தலையில் அடித்துக்கொண்டார். மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் அவர். மஞ்சள் காரத்தில் சிவக்கும், அமிலம் பட்டால் பழையபடி மஞ்சளாகும் என்று வருஷா வருஷம் வகுப்பில் செய்து காட்டுகிறவர். சோப்பும் காரம்தான் என்பது தேய்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எதிரே ஜூஸ் கடை வைத்திருந்த சங்கிலியிடம் எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்தார். சிவப்பு போனது. ஆனால் உள்ளங்கை அளவு இருந்த மஞ்சள், மார்பு முழுக்கப் படர்ந்துவிட்டது.

"இம்புட்டு மஞ்சளோட சபையில எப்படிண்ணே நிப்பீங்க? இருங்க" என்ற சங்கிலி, அவர் தடுப்பதற்குள் கிளாஸ் கழுவும் சோப்புத்தூள் தண்ணீரை வாளியோடு தூக்கி ஊற்றிவிட்டான்.

கழுத்திலிருந்து இடுப்புவரை சிவந்துபோய் அவர் நின்றபோதுதான் போலீஸ் ஜீப் வந்தது.

"ஊருக்குள்ள வெட்டுன்னு தகவல். ஏறுய்யா வண்டியில" என்றார் எஸ்.ஐ. பாண்டியராஜன்.

ஸ்டேஷனில் சத்தியசீலன் கும்பிட்டார். "இது சாம்பார் சார்."

"சாம்பார் இம்புட்டுச் செவப்பாவா இருக்கும்?"

"சோப்பு பட்டா செவக்கும் சார். எலுமிச்சை பிழிஞ்சாப் போயிரும். பாருங்க." பையில் மிச்சமிருந்த பாதிப் பழத்தைப் பிழிந்தார். நெஞ்சில் ஒரு பக்கம் சிவப்பு மறைந்தது.

எஸ்.ஐ. நாற்காலியை விட்டு எழுந்தார். "என் கண்ணு முன்னாடியே தடயத்தை அழிக்கிறியா?"

"ஐயோ, திரும்ப வரவச்சிர்றேன் சார்!" ஓடிப்போய்க் கை கழுவும் சோப்பை எடுத்துத் தேய்த்தார். சிவப்பு வந்தது.

எஸ்.ஐ. காவலர் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். "எழுதிக்கம்மா. தேவைக்குத் தக்கன ரத்தத்தை மறைக்கவும் கொண்டுவரவும் தெரிஞ்ச ஆளு."

அப்போது மனைவி ஆனிமேரியின் போன் வந்தது.

"எங்கங்க போனீங்க?"

"வாரேன், வாரேன். அவுக வந்துட்டாகளா?"

"எங்க வர? ஊருக்குள்ள ஏதோ கொலையாம். பைபாஸ்ல வேனை நிறுத்தி ஒவ்வொருத்தரா இறக்கிச் சோதனை போடுறாகளாம். பேசாமத் திரும்பிப் போயிருவோமான்னு மாப்ளயோட அப்பா கேக்குறாரு. புள்ள அழுகுது."

சத்தியசீலனுக்குக் கண் கலங்கியது. மேசையில் எஸ்.ஐ.யின் காலை உணவு பிரிக்காமல் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து, பூரிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த உருளைக்கிழங்கு மசாலாவின் மேல் ஈரச் சோப்பை அழுத்தித் தேய்த்தார். கிழங்கு சிவந்தது.

எஸ்.ஐ. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை மெதுவாக மூடினார்.

"மன்னிச்சிருங்க சார். நீங்க வெட்டல" என்றார். உடனே முகம் இறுகியது. "அப்ப வெட்டுப்பட்டவன் எங்க கெடக்கான்? இன்னும் ரெண்டு ஜீப்பை அனுப்புங்க. ஒரு வண்டி ஊருக்குள்ள வரக்கூடாது. மொதல்ல தகவல் என்னன்னு கன்ட்ரோல் ரூம்ல சரியாக் கேளும்மா."

தமிழ்ச்செல்வி கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"வெட்டுன்னு யாருமே சொல்லலயாம் சார். சட்டையெல்லாம் ரத்தமா ஒருத்தர் தெருக்குழாயில நின்னு கழுவிக்கிட்டிருக்காருன்னு சொன்னாகளாம், அம்புட்டுத்தான்."