ஒரு பெயர் மிச்சம்

முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் படமெடுத்து முடித்தபோது, கௌதமின் பட்டியலில் ஒரு பெயர் மிச்சம் இருந்தது.

மறுபடி எண்ணினான். தாள் 312. படம் 312. பெயர் 312. ஆனாலும் கடைசிப் பெயர் எந்தப் படத்தோடும் சேராமல், பந்தியில் இடம் கிடைக்காத மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி தனியாக நின்றது.

தீவின் விமான நிலையத்தை ஒட்டி, லம்பா லைனில் இருந்த அந்தச் சின்ன அரசு ஆபீஸில் ஒரு ஹெர்பேரியம் இருந்தது. ஹெர்பேரியம் என்றால், செடியைக் காயவைத்து, தாளில் ஒட்டி, அடியில் பெயர் எழுதிய லேபிளையும் ஒட்டி, அந்துருண்டை போட்டு அலமாரியில் பூட்டிவிட்டு மறந்துவிடுவது. இந்த அலமாரியில் பெரணிச் செடிகள் மட்டும்தான். பூக்காது, காய்க்காது. கௌதமின் கண்ணுக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமும் தெரியாது. இவற்றை உலகமே பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவதற்குத்தான் அவனை ஒரு வருஷ கான்ட்ராக்டில் எடுத்திருந்தார்கள். அவன் படித்தது பி.காம்.

அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. தப்பில்லாமல் திறந்தால் கான்ட்ராக்ட் மூன்று வருஷம் நீளும். இல்லாவிட்டால், மாமா சொக்கலிங்கம் பத்துபஸ்தியில் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் நின்று ஜல்லி இறக்குவதைப் பார்க்க வேண்டும். மாமா ஏற்கெனவே அவனுக்கென்று ஒரு குடை வாங்கி வைத்துவிட்டார்.

முதல் படத்தைத் திறந்து பார்த்தான். அந்தப் பெரணியின் பெயர் ‘செடியின் பெயர்’ என்று இருந்தது.

விஷயம் புரிந்தது. லேபிள்களைப் பார்த்துத் தட்டிய பட்டியலின் தலைப்பு வரியையும் ஒரு பெயராகச் சேர்த்துவிட்டிருக்கிறான். முதல் செடிக்குத் தலைப்பு போய்விட்டது. முதல் பெயர் இரண்டாவது செடிக்கு, இரண்டாவது பெயர் மூன்றாவது செடிக்கு. எல்லாமே ஒன்று தள்ளி.

“ஜெயமணி அக்கா, மோசம் போயிட்டேன்!”

அட்டெண்டர் ஜெயமணி அந்துருண்டை டப்பாவோடு எட்டிப் பார்த்தார். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இந்த ஆபீஸில் இருபது வருஷ சர்வீஸ்.

“என்னாச்சுங்க தம்பி?”

“எல்லாப் பேரும் ஒண்ணு தள்ளிப் போச்சு. ஒரு வருஷ வேலைக்கா!”

“இப்ப என்னா செய்யப் போறீங்க?”

கௌதம் யோசித்தான். பி.காம். மூளை வேலை செய்தது.

“மிச்சம் இருக்கிற பேரை முதல் படத்துல போட்டுட்டா டேலி ஆயிடும். எல்லாம் ஒரே செடி மாதிரிதானே இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது?”

ஜெயமணி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கௌதம் அந்தப் பெயரை முதல் படத்தில் போட்டு, சோதனைப் பக்கத்தில் ஏற்றினான்.

திங்கட்கிழமை ஆபீசர் சிவப்பிரகாசம் அவனைக் கூப்பிட்டார்.

“சோதனைக்கு ஏத்தின பக்கத்தை மெயின்லேண்டுல சந்திரமோகன் சாருக்கு அனுப்பியிருந்தேன். நாப்பது வருஷமா பெரணியைத் தவிர வேற எதையும் பார்க்காத மனுஷன். லைன்ல இருக்கார், பேசு.”

போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி கௌதம்! படம் ரொம்பச் சின்னதா இருக்குப்பா. லேபிள்ல ஒரு எழுத்துகூடப் படிக்க முடியலை. ஆனா இலையைப் பார்த்தேன், நீங்க போட்ட பேரைப் பார்த்தேன். முந்நூத்திப் பன்னெண்டும் சரி! ஒண்ணுகூடத் தப்பில்லை. வெள்ளிக்கிழமை நானே நேர்ல வர்றேன்.”

கௌதமுக்கு ஏசி அறையில் வியர்த்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டும் தப்பு என்பது அவனுக்குத் தெரியும். அவ்வளவும் சரி என்கிறார் நிபுணர். ஒன்று, அவர் பார்க்கவே இல்லை. அல்லது நக்கல் அடிக்கிறார். எப்படியானாலும் வெள்ளிக்கிழமை பெரிய திரையில் லேபிள் தெரியும். லேபிளில் ஒரு பெயர், பக்கத்தில் வேறொரு பெயர். மாமாவின் குடை அவன் தலைக்கு மேல் விரிந்தது.

“சரிபண்றேன்கா. உயிரே போனாலும் சரிபண்றேன்” என்றான், வெளியே வந்து ஜெயமணியிடம்.

“சார்தான் சரின்னு சொல்லிட்டாரே தம்பி. விட்டுருங்களேன்” என்றார் ஜெயமணி.

“அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். நான்தானே வெயில்ல நிக்கணும்?”

பெயர் வரிசையை மட்டும் ஓர் இடம் மேலே நகர்த்தினால் போதும். நகர்த்தினான். விமான நிலையம் பக்கம் என்பதால் அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேலே இறங்கியது. மேஜை அதிர்ந்தது. கை பிசகி, அகர வரிசைப் பொத்தானில் பட்டது.

பெயர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அகர வரிசையில் நின்றன. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பதற்றத்தில் அதை அப்படியே சேமித்தும் விட்டான்.

முன்பு ஒன்றுதான் தள்ளியிருந்தது. இப்போது எது எங்கே இருக்கிறதென்று ஆண்டவனுக்கும் தெரியாது.

ஒரே வழிதான். ஒவ்வொரு தாளாக எடுத்து, லேபிளைப் படித்து, புதிதாகத் தட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை எல்லாத் தாள்களையும் ஹாலில் வரிசையாகப் பரப்பினான்.

சிவப்பிரகாசம் வந்து நின்றார்.

“அரே, என்னய்யா இது?”

“ஃபைனல் செக்கிங் சார்.”

“டீக் ஹை, டீக் ஹை. ஆனா இவ்வளவு புழுக்கத்துல உட்கார்ந்திருக்கே?” என்று பாசத்தோடு மின்விசிறியைப் போட்டார்.

அந்த மின்விசிறிக்கு வேகம் இரண்டுதான். பூஜ்யம், ஐந்து.

தீவுகளில் நாற்பது ஆண்டுகளாகச் சேகரித்த பெரணிகள் முதன்முறையாகப் பறந்தன. நிக்கோபார் பெரணி கழிவறை வாசலுக்குப் போனது. சிப்பிகாட்டுப் பெரணி ஆபீசரின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

“அச்சா, நான் அப்புறம் வர்றேன்” என்று அவர் போய்விட்டார்.

கௌதம் அழவில்லை. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினான். தாளின் எண்ணைப் பார்த்து அடுக்கினான். ஒவ்வொரு லேபிளையும் இரண்டு முறை படித்து, மூன்று முறை சரிபார்த்துத் தட்டினான். புதன்கிழமை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இடையில் மாமா போன் செய்தார்.

“டேய், நாளைக்கு ரெண்டு லாரி ஜல்லி வருது. வர்றியா?”

“வரமாட்டேன் மாமா. ஜென்மத்துக்கும் வரமாட்டேன்.”

வியாழன் மாலை நான்கு மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டாவது பெயரும் முடிந்தது. ஒவ்வொரு பெயரும் அதன் லேபிளில் இருந்தபடியே, எழுத்துப் பிசகாமல். புதிய பட்டியலை ஏற்றினான். பழைய பக்கத்தை அழித்தான். கணினியின் குப்பைத் தொட்டியில்கூட அந்த அவமானம் மிஞ்சக் கூடாது என்று, அதையும் காலி செய்தான்.

வெள்ளிக்கிழமை சந்திரமோகன், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். பெரிய திரையில் முதல் பெரணி வந்தது. புருவம் சுருங்கியது. இரண்டாவது. மூன்றாவது. பத்தாவதில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“தம்பி, நான் பார்த்த லிஸ்ட் எங்கே?”

“அது தப்பு சார். அடியோட அழிச்சுட்டேன். ஒவ்வொரு தாளோட லேபிளையும் பார்த்து, நானே கையால சரிபண்ணிட்டேன்” என்றான் கௌதம், நெஞ்சை நிமிர்த்தி.

“இதுல ஒண்ணுகூடச் சரியில்லையே!”

“லேபிள்ல இருக்கிறதுதான் சார்! நீங்களே பாருங்க!”

“அப்போ லேபிளே தப்புய்யா! முந்நூத்திப் பன்னெண்டு லேபிளும் எப்படித் தப்பாகும்?”

டீத் தட்டோடு நின்ற ஜெயமணி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“பத்து வருசத்துக்கு முந்தி கூரை ஒழுகி, லேபிளு பூரா கழண்டு விழுந்திருச்சுங்க. நான்தான் மைதாப் பசை காய்ச்சித் திருப்பி ஒட்டுனேன். மொத லேபிளு பசைச் சட்டிக்கு அடியில ஒட்டிக் கெடந்தது கடேசியிலதான் தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள ரெண்டாவது லேபிளு மொதத் தாளுக்குன்னு, எல்லாமே ஒண்ணு தள்ளிப் போயிருந்துச்சு. மிச்சம் வந்துச்சேன்னு அதைக் கடேசித் தாள்ல ஒட்டிட்டேன்.”

கௌதமின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மாமா.

ஜெயமணி அவன் கையில் ஒரு டீயைக் கொடுத்தார்.

“எல்லாம் ஒரே செடி மாதிரிதானே இருக்கு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு நானும் ஒங்கள மாதிரியேதான் நெனைச்சேன், தம்பி.”