பயர்வால் சொன்ன ‘போட்டு வாறன்’

லண்டனில் யாரும் யாரையும் அநாவசியமாகத் தொந்தரவு செய்வதில்லை. அந்த லண்டனையே ‘கொஞ்சம் தள்ளி நில்லு’ என்று சொன்ன ஒரே ஆள், நான் பார்த்த வரையில், எங்கள் பயர்வால்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஹவுன்ஸ்லோவில் நாங்கள் வேலை பார்த்த சரக்குக் கம்பெனியில், வெள்ளைக்கார டைரக்டர் முதல் காலையில் கூட்டிப் பெருக்க வரும் அம்மா வரை எல்லோருக்கும் அவர் பயர்வால். அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. இண்டர்நெட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே நின்று, உள்ளே வரும் ஒவ்வொன்றையும் ‘நீ யாரு, எங்கேயிருந்து வர்றே’ என்று விசாரித்து அனுப்பும் இரும்புப் பெட்டிக்குப் பெயர்தான் பயர்வால். அதைக் கட்டி மேய்ப்பது இவர் வேலை. மேய்த்து மேய்த்து மனிதரும் பெட்டியாகவே ஆகிவிட்டார்.

லிஃப்டில் டைரக்டர் சிரித்த முகத்தோடு நலம் விசாரிப்பார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏனய்யா இப்படி என்று நான் ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

“அவர் மறுமொழி கேக்க நிக்கிறதில்லை, கதவு திறந்த உடன போயிடுறார். பேந்தென்னத்துக்கு நான் மறுமொழி அனுப்ப வேணும்?” என்றார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். எல்லாவற்றையும் முதலில் மறி, வேண்டியதை மட்டும் பிறகு திற. அழைப்பு மணியைக் கழற்றி மேசை டிராயருக்குள் வைத்திருந்தார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். அடித்துவிட்டு நிறுத்தி, திரும்ப அடித்தால்தான் தெரிந்தவர் என்று அர்த்தமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இதை மறந்துபோய், அவர் வாசலில் செல்போனில் ஒரே மூச்சாக அடித்துக்கொண்டே மழையில் நின்றேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார், கையைக்கூட ஆட்டினார், கதவை மட்டும் திறக்கவில்லை. திட்டிக்கொண்டே திரும்பினேன். அடுத்த ஞாயிறும் போனேன், அது வேறு கதை. எனக்கும் அந்த ஊரில் போவதற்கு வேறு வீடு கிடையாது.

இப்படிப்பட்டவருடைய பெட்டியில் ஒரு ஓட்டை இருப்பதாக அதைச் செய்த கம்பெனியே அறிவித்தது. திருடன் நுழைகிற ஓட்டை இல்லை. கோணல்மாணலாகச் செய்த ஒரு தகவலை வெளியிலிருந்து எவனாவது அனுப்பினால், அதைப் படிக்கத் தெரியாமல் பெட்டி மயங்கி விழும். எழுந்ததும் மறுபடி அனுப்பினால் மறுபடி விழும். எதுவும் களவு போகாது. ஆனால் வாசலே அடைபட்டு, நல்லவன் கெட்டவன் யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. இதற்கு பேட்ச் என்று ஒரு ஒட்டு மென்பொருள் வந்திருந்தது. அதைப் போட்டால் சரியாகிவிடும்.

எங்கள் மேனேஜர் மல்லிகா மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். ஒருநாள் மதியம் தன் அறையிலிருந்து போனில் பயர்வாலைக் கூப்பிட்டு, பேட்ச் என்ன ஆச்சு என்று கேட்டார். இவர் கோட்டை மாட்டிக்கொண்டே, “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மல்லிகா உடனே டைரக்டரிடம், பேட்ச் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று சொல்லிவிட்டார்.

பயர்வால் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் பெட்டி விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. சரக்குச் சீட்டு அச்சாகவில்லை, மெயில் போகவில்லை, லாரிகள் வாசலில் வரிசை கட்டின. டிரைவர்கள் ஏறி வந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். பயர்வால் திரும்பி வந்தவர், யாரையும் பார்க்காமல் நேரே சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் எல்லாம் ஓடத் தொடங்கியபோதுதான் வெளியே வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

போடாத பேட்சைப் போட்டதாகச் சொன்னார், சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போனார் என்று டைரக்டர் குதித்தார். மறுநாள் காலை விசாரணை. எங்கே போனார் என்பதற்குச் சரியான பதில் இல்லையென்றால் வேலை போய்விடும் என்று மல்லிகாவே சொல்லிவிட்டார். நான் பயர்வாலிடம் கெஞ்சினேன், எங்கே போனீர்கள் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று. அது தன்னுடைய சொந்த விஷயம் என்றார். சரி, வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

“வேலை எங்கையும் கிடைக்கும். இங்கை எண்டால் விடிஞ்சா ஆரோ ஒராள், ‘பயர்வால், இது வேலை செய்யேல்லை’ எண்டு கூப்பிடும். அதுவும் இல்லையெண்டால் எனக்கு நாள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை” என்றார்.

மனிதர்களையெல்லாம் தள்ளி நிற்கவைத்தவர் சொல்கிற பேச்சா இது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மல்லிகா முதலில் தன் பக்கத்தைச் சொன்னார். “போட்டு வாறன்னு அவர் வாயால சொன்னாரு. போட்டுட்டு வர்றாருன்னுதானே நான் நினைப்பேன்?” என்று என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர் வெளியே கிளம்பும்போது ‘போட்டு வாறன்’ என்றால், போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். மனிதர் விடைபெற்றிருக்கிறார். இந்த அம்மா பேட்ச் போட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இதை டைரக்டருக்கு விளக்குவதற்குள் என் நாக்குத் தள்ளிவிட்டது. ஒரே சொல்லுக்கு நிறுவுவது என்றும் வெளியேறுவது என்றும் அர்த்தமா, இந்த மொழியை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறீர்கள் என்று கேட்டார். பொய் சொன்ன குற்றம் அதோடு போனது. ஆனாலும் வேலை நேரத்தில் எங்கே போனீர்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது. பயர்வால் கூரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் காவலாளி ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியோடு உள்ளே வந்தார். சர்வர் அறையில் தின்பண்டம் வைக்கக் கூடாது, இது நேற்றிலிருந்து அங்கே இருக்கிறது என்று புகார். போச்சு, இது இரண்டாவது குற்றம் என்று நான் நினைத்தேன். டைரக்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பக்கத்து ஊர் சவுத்தால் தமிழ்க் கடை கேக். இங்கிலீஷ் ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள்காரர் தானே கேக் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் பயர்வால் கொண்டுவந்ததில்லை. அவர் பிறந்தநாள் என்றைக்கு என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கேக்கின் மேல் ‘ஹேப்பி பர்த்டே அண்ணை’ என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது. யார் இந்த அண்ணை என்று டைரக்டர் கேட்டார்.

பயர்வாலின் காது சிவந்துவிட்டது. மல்லிகாவையும் என்னையும் பார்த்துத் தமிழில்தான் சொன்னார். “கடைப் பிள்ளை ஆருடைய பேர் எழுத எண்டு கேட்டாள். எனக்குத்தான் எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. அண்ணைக்கு எண்டு சொல்லிப்போட்டன். தங்கச்சி என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவள். அவள் என்னோட கதைச்சுக் கன வருசம்.”

மல்லிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார், நேற்று இவருக்குப் பிறந்தநாள், இந்தக் கேக் வாங்கத்தான் போயிருக்கிறார் என்றும் சேர்த்து. டைரக்டர் பெட்டியைப் பயர்வால் பக்கம் நகர்த்தினார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை தருவேன், வேலையில் இருங்கள் என்றார். பிறகு கத்தி இருக்கிறதா என்று கேட்டார்.

பயர்வால் வெட்டி வெட்டி எல்லோருக்கும் நீட்டினார். சர்வர் அறைக் குளிரில் கேக் விறைத்துப்போயிருந்தது, பல் கூசியது. தின்று முடித்துவிட்டுத் திரும்பக் கையை நீட்டினேன். வயதில் நான் அவருக்கு மூத்தவன்.

“இன்னொரு துண்டு தாங்க, அண்ணை” என்றேன்.