ஆயுத பூஜைக்கு ஓர் ஆயுதம்

மகாதேவன் தன் ஆயுளில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் செய்த காரியங்கள் மொத்தமே இரண்டு. முதலாவது, கல்யாணமான புதிதில் மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைத் தொலைத்துவிட்டு, அச்சு அசல் அதே மாதிரி இன்னொன்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அது மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. இரண்டாவது, துப்பாக்கி வாங்கியது.

பயந்துவிடாதீர்கள். ஆள் தங்கமான ஆள். டெக்சாஸில் ப்ளேனோவில் வீடு, டேட்டாபேஸ் வேலை, ஐம்பத்தோரு வயசு, ஆஸ்டினில் காலேஜ் படிக்கும் ஒரே பெண். வீட்டுக்குள் கரப்பான் வந்தால்கூட அடிக்க மாட்டான். பேப்பரில் ஏந்திக்கொண்டுபோய்த் தோட்டத்தில் விட்டு, "திரும்பி வராதே" என்று கெஞ்சிவிட்டு வருவான். இப்பேர்ப்பட்ட மனுஷன் கைக்குத் துப்பாக்கி வந்தது ஆபீஸ் லஞ்ச் டேபிளால்.

நாம் நாலு பேர் சேர்ந்தால் காபிப் பொடியில் சிக்கரி எவ்வளவு போடலாம் என்று அடித்துக்கொள்வோம் இல்லையா? அந்த டேபிளில் துப்பாக்கிக்கு அதே அடிதடி. ஒருத்தருக்குத் தாத்தா விட்டுப்போன தர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரைஃபிள்தான் உசத்தி, மான் வேட்டைக்கு அதை விட்டால் வேறு கிடையாது. இன்னொருத்தர் த்ரீ-நாட்-எய்ட் கட்சி. மூன்றாமவர் ரிவால்வர் பக்தர், மற்றதெல்லாம் பொம்மை என்று ஒரே போடாகப் போடுவார். பதினோரு வருஷம் மகாதேவன் அந்தச் சண்டைக்கு நடுவில் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேச வழியில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி தீபாவளிக்குப் பொட்டு வெடி போட்டுச் சுடுகிறது.

அவன்மேல் இரக்கப்பட்டவன் சைலஸ். அதே ஆபீஸ், நாகர்கோவில்காரன். அவனும் சரி, அவன் மனைவி ஜெயலீலாவும் சரி, டார்கெட் ஷூட்டிங் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவனுக்கு ரைஃபிள், அவளுக்கு ரைஃபிளோடு ஒரு நைன் எம்எம் பிஸ்டலும். ஒரு சனிக்கிழமை மகாதேவனை ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு ட்வென்டி-டூ ரைஃபிளைக் கையில் கொடுத்தான். ஐம்பது கஜத்தில் ஒரு காகிதம், காகிதத்தில் ஒரு கருப்பு வட்டம்.

மகாதேவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டான். பக்கத்து ஆளின் காகிதத்தில் ஓட்டை விழுந்தது.

ஆனாலும் ஆசை விழுந்துவிட்டது. அந்த அமைதி! அந்தக் கவனம்! ஒரு நிமிஷம் உலகத்தில் ஈமெயிலே கிடையாது! அவன் முகத்தைப் பார்த்த சைலஸ் சொன்னான்: "மக்கா, நம்ம கிருபைராஜ் வேலை மாறி பார்சிப்பனி போயிட்டான்லா? எங்க டீம்ல மூணாவது ஆளு இல்ல. அக்டோபர்ல கிளப் மேட்ச் வருது. சொந்தமா ஒரு ரைஃபிள் வாங்கிரு. நீதான் மூணாவது."

டீம்! அவனைச் சின்ன வயதில் கிரிக்கெட்டில்கூட யாரும் டீமில் சேர்த்ததில்லை. மட்டை அவனுடையதாக இருந்தபோதும் சேர்க்கவில்லை. மறுநாளே கடைக்குப் போய் ஒரு ட்வென்டி-டூவைத் தேர்ந்தெடுத்தான், ஃபாரம் பூர்த்தி செய்தான். அமெரிக்க அரசாங்கம் அவன் பூர்வீகத்தை அலசி, அரை மணி நேரத்தில் சரி என்று சொல்லிவிட்டது.

ஜலஜாவிடம் யார் சரி வாங்குவது? அவள் பார்மசிஸ்ட். டாக்டர் கிறுக்கியதையே படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகத்தைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்? ரைஃபிளை சைலஸ் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான்.

மூன்று வாரம் யோசித்தான். நவராத்திரி நெருங்கியபோது மூளையில் பல்பு எரிந்தது.

"ஜலஜா, நான் ஒண்ணு யோசிச்சேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைன்னு பேரு. ஆனா லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும்தான் பொட்டு வைக்கறோம். போன வருஷம் ஏர் ஃப்ரையருக்கு வெச்சோம்."

"மிக்சிக்கும் வெச்சேன்."

"அதான் கேக்கறேன். அதுல ஆயுதம்னு ஒண்ணாவது உண்டா?"

"அருவாமனை இருக்கே."

"அது இல்ல. நிஜமான ஆயுதம். நாம இருக்கறது டெக்சாஸ். ஊரோட ஒத்து வாழ வேணாமா? அம்பாள் என்ன நினைப்பா?"

ஜலஜா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். "ஏங்க, எதுக்கு இப்ப அம்பாளை இழுக்கறீங்க? துப்பாக்கி வாங்கணும், அவ்ளோதானே?"

மகாதேவன் ஒரு வெண்டைக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சேச்சே! சும்மா ஒரு பேச்சுக்கு…"

"வாங்கிக்கோங்க."

"என்னது?"

"ட்வென்டி-டூவா பாத்து வாங்குங்க. அதுதான் தோள்ல உதைக்காது. பூட்டி வைக்க ஒரு சேஃப். சாவி ஆளுக்கு ஒண்ணு. வீட்டுக்குள்ள வரும்போது குண்டு இல்லாம, போல்ட்டைக் கழட்டித்தான் வரணும். சரியா?"

போல்ட் என்பது குண்டை உள்ளே தள்ளுகிற இரும்புத் துண்டு, அதைக் கழற்றினால் துப்பாக்கி சுடாது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? புத்தியுள்ளவன் இந்த இடத்தில் கேட்டிருப்பான். மகாதேவனுக்கு ஆனந்தத்தில் காது அடைத்துவிட்டது. இந்த மாதிரி ஒரு மனைவி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று உருகிப்போனான். உருகினவன் சும்மா இருந்தானா? பத்து நாள் பாத்திரம் அவனே தேய்த்தான். கராஜைச் சுத்தம் பண்ணினான். மாமியாருக்குத் தானாகவே போன் போட்டு, "உங்க பொண்ணு தங்கம்மா" என்றான். அந்தம்மா கலவரப்பட்டு ஜலஜாவுக்குப் போன் செய்து, "மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாடி?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை. மறுநாள் விஜயதசமி, அன்றைக்குப் பதினொரு மணிக்கு மேட்ச். மகாதேவன் ரைஃபிளை சைலஸிடமிருந்து வாங்கிக்கொண்டு, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல வந்தான். போல்ட்டைக் கழற்றி சேஃபில் வைத்துப் பூட்டினான். கோலம் போட்ட பலகைமேல் ரைஃபிளை வைக்கக் குனிந்தான்.

"இருங்க இருங்க," என்றாள் ஜலஜா. "நீங்க பாட்டுக்கு லேப்டாப்பை விட்டுட்டீங்க? சோறு போடறது அது. மொதல்ல அதை வைங்க. இதை இப்படிக் குடுங்க, நான் வைக்கறேன்."

அவள் கையாலேயே வைக்கிறாளா! மகாதேவனுக்குக் கண் தளும்பிவிட்டது. அவன் லேப்டாப்பை வைத்தான். அவள் ரைஃபிளை வாங்கி, குழல் சுவர்ப் பக்கம் இருக்கும்படிப் பார்த்து வைத்து, கட்டைக்குச் சந்தனம் குங்குமம் இட்டாள். சுண்டல் நைவேத்தியம் ஆயிற்று, கற்பூரம் காட்டினாள். அவன் விழுந்து கும்பிட்டான். அம்பாளுக்குப் பாதி, ஜலஜாவுக்குப் பாதி.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகு காலம் பிறக்குமுன், எட்டு மணிக்கே புனர்பூஜை முடிந்தது. மகாதேவன் குளித்து, விபூதி பூசி, புதுத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு ரைஃபிள்மேல் கை வைத்தான்.

"ஏங்க!"

"என்ன?"

"பூஜையில அவங்கவங்க வெச்சதை அவங்கவங்கதான் எடுக்கணும். எடுத்து அன்னிக்கே கொஞ்சம் வேலை பாக்கணும். அதானே வழக்கம்? உங்க அம்மா சொல்லிக் குடுத்ததுதான்."

"ஆமா. அதுக்கு?"

"நீங்க வெச்சது லேப்டாப்."

மகாதேவன் பலகையைப் பார்த்தான். லேப்டாப் குங்குமப் பொட்டோடு அவனைப் பார்த்தது. திரும்பினால், ஜலஜா ஜீன்ஸும் ஷூவும் போட்டு, கண்ணுக்கு மஞ்சள் கண்ணாடி, கழுத்தில் வெடிச் சத்தத்துக்குக் காதை மூடுகிற மஃப் சகிதம் நிற்கிறாள். அவள் ரைஃபிளை எடுத்த விதம் இருக்கிறதே, தினம் காலையில் பால் பாக்கெட் எடுக்கிறவள் மாதிரி எடுத்தாள்.

"ஜலஜா… உனக்கு இதெல்லாம் எப்போ…?"

"செவ்வாயும் வியாழனும்."

"அன்னிக்கெல்லாம் ஜும்பா கிளாஸ் போவியே!"

"ஜும்பாவை விட்டு ஒரு மாசம் ஆச்சு. நீங்க வாங்கி ஒளிச்சு வெச்ச மறுநாளே ஜெயலீலா போன் பண்ணிட்டா. 'ஒங்க வீட்டுக்காரரு துப்பாக்கி எங்க வீட்டு பெட்டியில கெடக்கு'ன்னு. எனக்குக் கோவம்னா கோவம். நேர்ல போய் அதை ஒரு பார்வை பாத்துட்டு, சாயங்காலம் வந்து உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கறதுன்னுதான் கிளம்பினேன். அவ, 'ஒரு தடவ சுட்டுப் பாரு, அப்பறம் திட்டு'ன்னா. சுட்டேன்."

"சுட்டு?"

"திட்ட மறந்துட்டேன்."

மகாதேவன் தொப்பியைக் கழற்றினான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்வீங்கன்னு மூணு வாரம் பாத்தேன். நீங்க சொல்லலை. நானும் சொல்லலை. கிளம்புங்க, நேரமாச்சு. லேப்டாப்பை எடுத்துக்கோங்க, அங்க ஸ்கோர் ஏத்த ஒரு ஆள் வேணுமாம்."

மகாதேவன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினான். ரேஞ்சில் சைலஸ் அவன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தான். "மக்கா, கோவப்படாத. நான் ஒரு வார்த்த வெளியில விடல. லீலா கேட்டா, நான் உள்ளதச் சொன்னேன். நம்ம வீட்லயும் பொண்டாட்டி சொல்லுதான் நடக்கும்னு நீ தெரிஞ்சவன்லா?"

தெரியும். அதனால் அவனை மன்னித்தான். ஆனால் டீம்? பேர்ப் பட்டியலில் மூன்றாவது பெயர் 'ஜலஜா மகாதேவன்' என்று இருந்தது. பாதிப் பேராவது நம்முடையது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்து பொட்டு வைத்த லேப்டாப்பைத் திறந்தான். உட்கார நாற்காலி இல்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளிதான்.

ஜலஜாவின் முறை வந்தது. அவள் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, மூச்சை விட்டு நிறுத்தினாள். பத்துக் குண்டு. காகிதம் வந்தது. ஒன்பது ஓட்டை கருப்பு வட்டத்துக்குள், ஒன்று விளிம்பில். பக்கத்தில் வேட்டைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், நாற்பது வருஷமாக மான் சுடுகிறவராம், காகிதத்தை வாங்கிப் பார்த்து விசில் அடித்தார். "மேம், இது யாருடைய ரைஃபிள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என் ஹஸ்பண்ட் வாங்கிக் குடுத்தார்," என்றாள் ஜலஜா. சொல்லிவிட்டு, மகாதேவனைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

இருபத்தைந்து வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததில்லை. வந்த நாளிலிருந்து அவளுக்கு விசா, பரீட்சை, லைசென்ஸ், குழந்தை, மருந்துக் கடையில் நின்றே தேய்ந்த கால். தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. இன்றைக்கு ஊர் பேர் தெரியாத நாலு பேர் அவளுக்குக் கை தட்டுகிறார்கள். மகாதேவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாம் கோழையாக இருந்ததும் நல்லதுக்குத்தான், தைரியமாக அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் இது நடந்திருக்குமா என்று, அம்பாளுக்கும் ஜெயலீலாவுக்கும், ஏன், சைலஸுக்கும்கூட மனசார நன்றி சொன்னான். அவள் மார்க்கை ஏற்றும்போது, நூற்றுக்கு நூற்று எழுபது என்று தப்பாக அடித்துவிட்டுத் திருத்தினான்.

டீமுக்கு இரண்டாம் இடம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் கார் பக்கம் வந்தார்கள்.

"ஏங்க," என்றாள் ஜலஜா மெதுவாக, "மனசுல வருத்தமா?"

"சத்தியமா இல்ல. சந்தோஷமா இருக்கு ஜலஜா. நீ ஷூட் பண்றதைப் பாத்தா போதும் எனக்கு."

"பொய்."

"கொஞ்சம் பொய்."

"எனக்குத் தெரியும். உங்க ரைஃபிளை நான் எடுத்துக்கிட்டேன். உங்களை அப்படியே விட்டுடுவேனா? வர்ற மாசத்துலேர்ந்து எல்லா மேட்ச்சுக்கும் நீங்களும் வரணும்னு சைலஸ்கிட்ட சொல்லிட்டேன். உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். டிக்கியைத் திறங்க."

மகாதேவன் டிக்கியைத் திறந்தான். உள்ளே கருப்புத் துணிப் பை. நீளமாக, ஒல்லியாக, தோளில் மாட்ட வாரோடு, சுமார் மூன்றரை அடி! எடுத்தான். கனமாக இருந்தது. உள்ளே இரும்பு உரசுகிற சத்தம். த்ரீ-நாட்-எய்டா? தாத்தா காலத்துத் தர்ட்டி-ஆட்-சிக்ஸா? ஜெயலீலா கையால் வாயைப் பொத்திக்கொள்வதை அவன் கவனிக்கவில்லை. "ஜலஜா, ஏழு ஜன்மத்துக்கும் நீயே எனக்கு…" என்று ஆரம்பித்து, முடிக்கப் பொறுமையில்லாமல் பையின் வாயைப் பிரித்து உருவினான்.

கப் வைக்க ஓட்டையோடு, ஸ்கோர் எழுதுகிறவர் சாய்ந்து உட்கார வசதியாக, ஒரு மடக்கு நாற்காலி.