யாருக்கு, என்ன?

"ரெஜி அண்ணே, சுடலைராஜ் டிரைவரு 'சரி செல்லம்'னு பதில் போட்டுகிறாரு. இன்னா மேட்டரு?" என்றாள் லாரிகளுக்கு உத்தரவு தட்டும் கௌசர்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டிலேயே மூன்று நாள் படுத்துக் கிடந்து, டிரைவர்களுக்குத் தகவல் அனுப்ப ரெஜி எழுதிய புரோகிராம் அன்று காலைதான் ஓடத் தொடங்கியிருந்தது. அதில் 'அனுப்பு' என்றொரு கட்டளை. அதற்கு இரண்டு காலி இடம்: யாருக்கு, என்ன.

மனைவி பெர்சிஸுக்குத் தினமும் தட்டச் சோம்பல்பட்டு, 'என்ன'வில் 'வர லேட்டாகும், சாப்பிட்டுடு செல்லம்' என்று எழுதத் தொடங்கிய அன்றே நிரப்பி வைத்திருந்தான் மகானுபாவன். அவளும் தவறாமல் 'சரிங்க' என்று பதில் போட்டுவிடுவாள். இப்போது காலியாக இருந்த 'யாருக்கு'வில் டிரைவர் பட்டியல் வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்பத்திரண்டு செல்லங்கள்!

"மாத்திப் போட்டா சரியாயிடும்" என்று 'யாருக்கு'வில் பெர்சிஸை நிரப்பி, 'என்ன'வைக் காலியாக விட்டான்.

கௌசர் டிரைவர்களுக்குத் தட்டியதெல்லாம் பெர்சிஸுக்குப் போயிற்று. 'பெட்டிய எடுத்துகினு உடனே கிளம்பு.' 'எடத்தைக் காலி பண்ணு, வேற வண்டி வருது.'

பதில் பறந்து வந்தது: 'இன்னாய்யா, வேற வண்டியா? யாரு அவ?'

ஆத்திரத்தில் நாகர்கோவில்காரிக்கு மெட்ராஸ் பாஷையே வந்துவிட்டதே! ரெஜி அழாத குறை. 'இன்னொரு நாள் வீட்டுக்கு வரலைன்னா ஊருக்குப் போயிருவேன்' என்று அவள் சொல்லி நாலு நாள்தான் ஆகிறது.

இரண்டு இடத்தையும் நிரப்பினான்: பெர்சிஸ், 'மன்னிச்சுடு'. அவ்வளவுதான், கௌசர் எந்த வண்டிக்கு எதைத் தட்டினாலும் பெர்சிஸுக்கு ஒரு மன்னிப்பு போயிற்று. அரை மணியில் முப்பத்தேழு.

'இத்தினி மன்னிப்பா? அப்டி இன்னா பண்ணித் தொலைச்சே?'

"போச்சு! என் குடும்பமே போச்சு!" பைக்கை முறுக்கிக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் பறந்தான். வீடு பூட்டிக் கிடந்தது. படியில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதான்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு காத்தூன் பீவி வெளியே வந்தார். கையில் பெர்சிஸின் போன்.

"அது ஊருக்குப் போய் மூணு நாளாச்சே தம்பி! 'அவரு லேட்டாகும்னுதான் போடுவாரு, நீங்க சரிங்கன்னு மட்டும் போடுங்க'ன்னு சொல்லி இத்த குடுத்துட்டுப் போச்சு. இன்னிக்குத்தான் நீ வேற மாதிரி போட்டே, நானும் சொந்தமா எழுதினேன்."